தலைப்பிரட்டையும் சட்டைக் காலரும்

(திருவாரூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வணக்கம். மேசையில் தட்டு, தண்ணீர், மிளகுத்தூள் எல்லாம் இருக்கிறது. பயப்படாதீர்கள், ரசம் வைக்கப்போவதில்லை. சட்டைக் காலர் அழுக்கைச் சோப்புத்தூள் எப்படி எடுக்கிறது என்று பார்க்கப்போகிறோம்.

தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவுகிறேன். மிதக்கிறதா? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதால், மேலே தோல் போர்த்திய மாதிரி ஆகிவிடுகிறது. குளத்தில் நீளக்கால் பூச்சி மூழ்காமல் சறுக்குவது அந்தத் தோல்மேல்தான். இப்போது சோப்புத்தூள் கரைசலை விரலில் தொட்டு நடுவில் வைக்கிறேன். பார்த்தீர்களா, மிளகு மொத்தமும் ஓரத்துக்கு ஓட்டம்! நடுவில் பிடி தளர்ந்தது, ஓரத்துத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. பிடி தளர்ந்த தண்ணீர்தான் துணியின் இழைக்குள் சுலபமாக நுழையும்.

சரி, அழுக்குக்கு வருவோம். காலரில் இருப்பது வெறும் மண் அல்ல. உடம்பு எண்ணெயும் அதில் ஒட்டிய புழுதியும். எண்ணெய் தண்ணீரோடு சேராதே!

நடவு வயலில் தலைப்பிரட்டை பார்த்திருப்பீர்கள். சோப்புத்தூளில் வேலை செய்கிற மூலக்கூறும் கிட்டத்தட்ட அதே உருவம். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால்களெல்லாம் பிசுக்குக்குள் குத்திக்கொள்ளும், தலைகள் வெளியே நிற்கும். கூட்டமாகச் சூழ்ந்து பிசுக்கைக் குட்டிக்குட்டி உருண்டைகளாக்கிக் கழற்றிவிடும். அலசினால் உருண்டையும் தண்ணீரோடு போய்விடும்.

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்துவிட்டால், என் பாட்டி ஆற்றில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். வந்ததும் துணிமூட்டையோடு படித்துறைக்குக் கிளம்பிவிடுவார். "போர்த்தண்ணி சோப்பத் தின்னுதுடா" என்பார். பாட்டி பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் சொன்னது சரி. உப்பான போர்த்தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பார் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைத் திப்பியாகிவிடும். வாளி ஓரத்தில் படிகிறதே, அதுதான். சோப்பு அதில் வீணாகிறது, நுரை எங்கிருந்து வரும்?

சோப்புத்தூள் இந்த வம்பில் அவ்வளவாக மாட்டாது. அதன் தலை வேறு வகை. கால்சியத்தோடு சேர்ந்தாலும் எளிதில் திப்பியாகாது. முதல் உலகப்போரில் சோப்புக் காய்ச்சக் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1916-ல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்யத் தொடங்கிய சரக்கு இது.

இன்னொன்று: நுரை அதிகமானால் வெளுப்பு அதிகம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். நுரை கண்ணுக்குத்தான்.

இப்போது அதே தட்டில் இன்னொரு சிட்டிகை மிளகு. இந்த முறை ஓடவில்லை, சிலது மூழ்குகிறது. ஏன்? முன்பெஞ்சில் கை தூக்கிய தம்பி, மேலே வா.