மரத்தில் புதுத் துளை விழாமல் கிட்டாருக்கு ட்ரெமோலோ

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசையில் இருப்பது கிப்சனின் லெஸ் பால் வகை எலெக்ட்ரிக் கிட்டார். கம்பிகளைத் தாங்கும் ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ், அதற்குப் பின்னால் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் ஸ்டாப்பார் டெயில்பீஸ். இரண்டுமே அசையாதவை. இதில் ட்ரெமோலோ, அதாவது கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு, பொருத்தப் போகிறோம். நிபந்தனை ஒன்றுதான்: மரத்தில் புதிதாக ஒரு துளைகூட விழக்கூடாது. வேண்டாம் என்று தோன்றினால் கழற்றி, பழையபடியே ஆக்கிவிட முடிய வேண்டும்.

ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு கொண்டுவந்த முறை இதற்கு ஆகாது. அதற்கு உடம்பை முன்னிருந்து பின்வரை குடைய வேண்டும், பின்பக்கம் ஸ்பிரிங்குகளுக்குத் தனிக் குழி எடுக்க வேண்டும். குடைந்த மரம் திரும்பி வராது. அதனால் நாம் பார்க்க வேண்டியது, கிட்டாரில் ஏற்கெனவே என்னென்ன துளைகள் இருக்கின்றன என்பதைத்தான். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன். டெயில்பீஸைத் தாங்கும் இரண்டு ஸ்டட்கள், அதாவது தடித்த திருகுகள், இதோ. அவை இறங்கும் உலோகக் குழல்கள் மரத்துக்குள் அழுத்தமாக உட்கார்ந்திருக்கின்றன. அப்புறம் அடியில், தோள்வார் மாட்டும் குமிழின் திருகுத் துளை. மொத்தம் மூன்று இடங்கள். நமக்கு இவை போதும்.

இந்த இடங்களை வைத்தே வேலை செய்யும் அமைப்புகள் பல உண்டு. முதலாவது பிக்ஸ்பி. அதன் பி7 மாடலை வழக்கமான முறையில் மாட்டினால் உடம்பின் மேல்பக்கத்தில் திருகு இறக்க வேண்டும். வைப்ராமேட் என்ற நிறுவனத்தின் வி7 தகடு அதைத் தவிர்க்கிறது. தகடு ஸ்டட் குழல்களில் இறுகுகிறது, பிக்ஸ்பி அந்தத் தகட்டிலும் தோள்வார்த் துளையிலும் இறுகுகிறது. இரண்டாவது டூசன்பெர்க் லெஸ் ட்ரெம். இது டெயில்பீஸைக் கழற்றிவிட்டு அதே ஸ்டட்களில் உட்காரும். ஸ்டெட்ஸ்பாரின் ஸ்டாப்டெயில் மாடலும் இப்படித்தான், இருக்கும் துளைகளையே பிடித்துக்கொள்ளும். ஃப்ளாய்ட் ரோஸ் எஃப்ஆர்எக்ஸும் மரத்தைக் குடையாமல் மேற்பரப்பிலேயே அமரும், சுருதியை அடிமட்டம் வரை இறக்கி ஏற்ற விரும்புகிறவர்களுக்கு அது. எனக்கு லெஸ் ட்ரெம் பிடிக்கும். கிட்டாரின் எடைச் சமநிலையை அது அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஆனால் பிக்ஸ்பியின் மெதுவான அலைவு வேண்டும் என்றால் பிக்ஸ்பிதான், வேறு எதுவும் அப்படி ஒலிப்பதில்லை. இன்றைக்கு அதைத்தான் பொருத்துகிறேன்.

வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஸ்டட்களின் மையத்திலிருந்து மையம் வரை பெரும்பாலும் 82 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிட முக்கியமானது மரை. அமெரிக்கக் கிப்சன்களில் ஸ்டட் மரை அங்குல அளவு, 5/16. வேறு பல நாடுகளில் தயாராகும் கிட்டார்களில் அது மில்லிமீட்டர் அளவு, எம்8. பார்த்தால் இரண்டும் ஒரே பருமன்தான், ஆனால் மரையின் இடைவெளி வேறு. அதனால் புது ஸ்டட்டை முதலில் விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். இரண்டு சுற்றிலேயே இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி இறக்கினால் குழலின் மரை கெட்டுவிடும், அதுவும் நிரந்தரச் சேதம்தான்.

சரி, கழற்றலாம். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுத்ததும் டெயில்பீஸ் கையோடு வந்துவிடும். பிரிட்ஜும் விழக்கூடும், பிடித்துக்கொள்ளுங்கள். பல கிட்டார்களில் எர்த் வயர் ஒரு ஸ்டட் குழலின் பின்னால்தான் சொருகியிருக்கும். அதனால் புதுத் தகடு அந்தக் குழலோடு உலோகத்துக்கு உலோகம் தொட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையைக் கேபிள் பிளக்கின் வெளிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். தொடர்பு இல்லையென்றால் ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும்.

தகடு பூச்சின் மேல் படும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துணி வைக்கிறேன். ரப்பர் வேண்டாம். கிட்டாரில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இருந்தால் சில வகை ரப்பரும் வினைலும் அதை இளக்கிக் கறை பதித்துவிடும். துளை போடாமல் செய்த வேலையிலும் இப்படி ஓர் அடையாளம் தங்கிப்போக முடியும். வெளிச்சமும் அப்படித்தான். வருடக்கணக்காக மூடியிருக்கும் பகுதியின் நிறம் சுற்றியிருக்கும் பகுதியோடு ஒத்துப்போகாது. நல்ல பழைய கிட்டார் கையில் இருந்தால் இதையும் யோசித்து முடிவெடுங்கள்.

பிக்ஸ்பியில் கம்பி மாட்டுவதுதான் எல்லோரையும் படுத்தும் கட்டம். உருளையில் சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கம்பியின் குண்டு முனையை அவற்றில் கோக்க வேண்டும். கம்பியின் மறு முனையைச் சுற்றும் ட்யூனர் பக்கம் கை போனதும் இங்கே கழன்றுவிடும். முனையை முதலில் குறட்டால் வளைத்துக்கொள்ளுங்கள், உருளையின் வளைவுக்கு ஒத்துப் போகட்டும். ஊசியில் கோத்து, உருளையைச் சுற்றிப் பிரிட்ஜுக்கு மேல் இழுத்து, ஃப்ரெட்போர்டில் ஒரு கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்தும் கவ்வி, போட்டுவிடுங்கள். கேப்போ கம்பியைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு கையும் ட்யூனருக்குக் கிடைக்கும். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங், கம்பிகளின் இழுவிசை இல்லாதபோது துள்ளி விழும். மேலே ஒரு துணியைப் போட்டு வையுங்கள்.

இப்போது சுருதி. பொருத்துவதைவிட இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பால் பிக்ஸ்பி இந்தக் கருவியை உருவாக்கியதே மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார் கலைஞருக்காகத்தான். டிராவிஸின் கிட்டாரில் இருந்த காஃப்மன் வைப்ரோலா என்ற ட்ரெமோலோ சுருதியைத் தாங்கவில்லை, அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டார், பிக்ஸ்பி புதிதாகவே ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆரம்பத்திலிருந்தே பிரச்சினை அதுதான்: கையை எடுத்ததும் கம்பி பழைய இடத்துக்குத் திரும்புகிறதா?

ஒரு கம்பியின் சுருதி அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தோடு மாறும். அரை ஸ்வரம் இறக்க இழுவிசை கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைய வேண்டும். அதற்குக் கம்பி நகரும் தூரமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய நகர்வில் நட்டிலோ (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பதியும் பள்ளக் கட்டை) சாடிலிலோ (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) இம்மி அளவு சிக்கினாலும் காது கண்டுபிடித்துவிடும். லெஸ் பால் கிட்டாரின் தலைப்பகுதியில் இன்னொரு சங்கடம், நடுவிலுள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பி ட்யூனருக்குப் போகின்றன. சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வரும்.

எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. சுருதி சேர்த்துவிட்டு, கைப்பிடியைக் கீழே அழுத்தி விடுங்கள், பிறகு சுருதி காட்டும் மீட்டரைப் பாருங்கள். சுருதி ஏறியிருந்தால் சிக்கல் நட்டில். அழுத்தும்போது கம்பி தலைப்பக்கம் நகர்ந்தது, விட்டபோது முழுதாகத் திரும்பவில்லை, அதனால் நடுப்பகுதி விறைப்பாகவே நிற்கிறது. கைப்பிடியை ஒருமுறை மேலே இழுத்ததும் சரியாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், நட்தான். சுருதி இறங்கியிருந்தால் பிரிட்ஜைப் பாருங்கள். விட்டபோது டெயில்பீஸ் பக்கம் இழுபட வேண்டிய கம்பி சாடிலிலேயே பிடிபட்டு நிற்கிறது. கம்பி புதிதாக இருந்தாலும் இறங்கும், ஆகவே முதலில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் நன்றாக இழுத்துவிட்டுச் சோதியுங்கள். ட்யூனரில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள், தளர்வான சுற்றுகளும் இதே வேலையைக் காட்டும்.

நட்டில் சிக்கல் என்று தெரிந்தவுடன் அரத்தை எடுத்துவிடாதீர்கள். உடம்பில் துளை விழாமல் அவ்வளவு பார்த்துச் செய்தவர்கள், அசல் நட்டின் பள்ளத்தை இரண்டு நிமிடத்தில் அராவிவிடுகிறார்கள். அராவிய எலும்பும் திரும்பி வராது. பள்ளம் ஆழமாகிவிட்டால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் தட்டிக் கரகரக்கும். முதலில் மென்மையான பென்சிலின் கிராஃபைட்டைப் பள்ளங்களில் தேயுங்கள், அல்லது நட்டுக்கென்றே விற்கும் மசகு ஒரு துளி. பல கிட்டார்களுக்கு இதுவே போதும். போதாது என்றால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அசல் நட்டைக் கழற்றச் சொல்லுங்கள், வேறொரு புது நட்டை வெட்டி மாட்டச் சொல்லுங்கள். அசல் உங்கள் கைக்கு முழுதாக வர வேண்டும்.

பிரிட்ஜுக்கும் இதே நியாயம்தான். சாடிலில் சிக்கினால் உருளைச் சாடில் உள்ள ரோலர் பிரிட்ஜ் வாங்கி மாட்டுங்கள். தண்டுகளின் இடைவெளி பெரும்பாலும் 74 மில்லிமீட்டர், அதையும் அளந்துகொள்ளுங்கள். பி7-இல் கம்பிகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும் குறுக்குத் தண்டு ஒன்று உண்டு. அது கம்பியைப் பிரிட்ஜுக்கு மேல் செங்குத்தாக வளைக்கிறது, உராய்வும் கூடுகிறது. இந்த மாடலில் எனக்குப் பிடிக்காத ஒரே பகுதி அதுதான், ரோலர் பிரிட்ஜோடு சேர்த்தால்தான் சமாளிக்க முடிகிறது.

இப்போது வாசித்துக் காட்டுகிறேன். ஒரு இ கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்... மெதுவாக அழுத்தி விடுகிறேன். ஆறு கம்பியும் ஒரே அளவு இறங்கவில்லை, கவனித்தீர்களா? மேலே கம்பி சுற்றப்படாத தடித்த ஜி கம்பி, மெல்லிய இ கம்பியைவிட அதிகமாகச் சரிகிறது. உருளை எல்லாவற்றையும் ஒரே தூரம்தான் தளர்த்துகிறது, ஆனால் தடித்த, எளிதில் நீளாத கம்பிக்கு அதே தூரம் பெரிய மாற்றம். அதனால் கார்டை ஆழமாக இறக்கினால் அபஸ்வரம் தட்டும், லேசாக அசைத்தால் இனிமை. பிக்ஸ்பி லேசாக அசைக்கத்தான்.

கழற்றிய டெயில்பீஸ், ஸ்டட்கள், பிரிட்ஜ், தோள்வார்க் குமிழ், அதன் நீளத் திருகு, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பிரிட்ஜைக் கழற்றும் முன் அதன் உயரத்தையும் சாடில்களின் நிலையையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது இண்டோனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்கும் சாடில் நிலையை, முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பே (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) பிரிட்ஜ் தகட்டில்தான் தொங்குகிறது, அதனால் எந்தத் தகட்டு மாடல் என்று பார்த்துத்தான் கிட் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை அடுத்த வீடியோவில் ஒரு டெலிகாஸ்டரையே மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டுகிறேன்.