சொல்லுக்குப் பின்னால் போகும் வில்

அவையோர்க்கு வணக்கம். கர்நாடக இசை வயலின் கலைஞர் லால்குடி ஜெயராமனைப் பற்றிப் பேசும்போது விருதுப் பட்டியலில் தொடங்குவது மேடை வழக்கம். அதை விட்டுவிட்டு அவர் வில்லை மட்டும் இன்று பார்ப்போம்.

1930-இல் பிறந்தவர். தந்தை கோபாலய்யரே குரு. பன்னிரண்டு வயதிலேயே பக்கவாத்தியம். பாடகர்களில் அரியக்குடி மத்யமகாலம் என்ற நடுத்தர வேகத்தில் நடத்துவார், ஜி.என்.பி. பிருகா என்ற அதிவேக ஸ்வர ஓட்டத்தில் பறப்பார், மதுரை மணி ஸ்வரத்தைக் கோத்துக்கொண்டே போவார். இவர்கள் அத்தனை பேருக்கும் வாசித்த கை, பாடகர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதை முதலில் படித்தது.

'முருகா' என்று பாடிப் பாருங்கள். 'முரு' இரண்டும் குறில், 'கா' நெடில். புதிதாகப் படிக்கிறவர்கள் 'முரு'விலேயே பாதி வில்லைச் செலவழித்துவிடுவார்கள். 'கா'வின் நடுவில் வில் தீர்ந்து திரும்பும். கேட்கிறவருக்கு 'கா, ஆ' என்று சொல் உடைந்துவிடும். குறில் இரண்டையும் ஒரே வில்லில், ஆள்காட்டி விரலின் சின்ன அழுத்தத்தால் பிரித்து, வில்லின் கால் பங்குக்குள் முடியுங்கள். மிச்சம் முழுவதும் நெடிலுக்கு. வாயால் பாடாமல் இந்தக் கணக்கு வராது. லால்குடி பாணியில் பாட்டு முதலில், வாத்தியம் பிறகு என்பது இதனால்தான். அவரிடம் பாம்பே ஜெயஸ்ரீ போன்ற பாடகர்களும் வந்து கற்றதில் வியப்பே இல்லை.

இடது கைக்கும் ஒன்று. சம்மணமிட்டு, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றுகிறோம். பாரம் காலுக்குப் போவதால் கை தந்தியில் தாராளமாக வழுக்கும். கட்டைவிரலால் கழுத்தை இறுக்கிப் பிடித்தால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, இடையில் தட்டி நிற்கும். பிள்ளைகளின் காம்போதி ராகம் பாதி கெடுவது இங்கேதான். ஞானக்குறைவு என்று வீணாகத் திட்டுகிறோம்!

1966-இல் என். ரமணியின் குழல், ஆர். வெங்கட்ராமனின் வீணை ஆகியவற்றோடு வயலினைச் சேர்த்தாரே, அது இன்னும் கஷ்டமான வேலை. குழலின் சுருதி துளையோடு நின்றுவிட்டது. தந்தி வாத்தியங்கள் இரண்டும்தான் அதற்கு இணங்க வேண்டும். மீட்டியதும் வீணை நாதம் தேய ஆரம்பிக்கும், வில்லோ இழுக்க இழுக்க ஒலிக்கும். வயலின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் வீணை காதிலேயே விழாது.

அவர் இயற்றிய வர்ணம், தில்லானா ஆகிய உருப்படிகளைப் பற்றிப் பேச நேரமில்லை. அவருடைய சாருகேசி ராக வர்ணத்தின் பல்லவியை மட்டும் முதலில் வாயாலும் பிறகு வில்லாலும் மாணவர்கள் காட்டுவார்கள். வில் எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள்.