ப்ரோகிராமை ஒழுங்கா நிறுத்துறது எப்படி

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி, கடலூர் பக்கம் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிற பசங்களும் இங்கயே சின்ன கம்பெனிகள்ல சாஃப்ட்வேர் எழுதுறவங்களும் கேக்குற நேரம் இதுன்னு சொன்னாங்க, அதனால நேரா விஷயத்துக்கே வந்துடறேன். திரெட்டை, அதாவது ஒரே ப்ரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல தனித்தனியா ஓடுற வேலையை, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எல்லா கிளாஸ்லயும் சொல்லித் தராங்க, எப்படி நிறுத்துறதுன்னு யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல. இது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம்.

பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரி மண்டிய எடுத்துக்குங்க. பில் போடுற ப்ரோகிராம்ல ஒரு திரெட் எடை மெஷின்லேருந்து சீரியல் கேபிள் வழியா எடையை படிக்குது, இன்னொண்ணு பில்லை டேட்டாபேஸ்ல எழுதுது, இன்னொண்ணு பிரின்டருக்கு அனுப்புது. ஐப்பசி கார்த்திகைல நம்ம ஊர்ல கரன்ட் போகும், அது தெரிஞ்சதுதான், 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடிச்சப்ப நாள் கணக்கா இருட்டுல இருந்தோமே. கரன்ட் போனதும் யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், பேட்டரி இறங்கினதும் மெஷினை நிறுத்த சொல்லும், லினக்ஸா இருந்தா உங்க ப்ரோகிராமுக்கு சிக்டெர்ம்னு ஒரு சிக்னல் வரும். "முடிச்சுக்கோப்பா"ன்னு அர்த்தம். முடிக்கலன்னா, லினக்ஸ்ல ப்ரோகிராம்களை ஆரம்பிச்சு நிறுத்துற சிஸ்டம்டி வழக்கமா 90 செகண்ட் பாக்கும், ப்ரோகிராமை கன்டெய்னர்ல ஓட்டுற டாக்கர்னா 10 செகண்ட், குபர்நெட்டிஸ்னா 30. அப்புறம் சிக்கில், உடனே கொல்ற சிக்னல். அதை எந்த ப்ரோகிராமும் தடுக்க முடியாது, எழுதிட்டிருந்த பில் பாதியில நிக்கும்.

சரி, அந்த திரெட்டை நாமளே வெளிலேருந்து கொன்னுட்டா என்னன்னு தோணும். ஜாவால அதுக்குன்னே திரெட் ஸ்டாப்னு ஒரு மெத்தட் இருந்துது, 1998ல ஜாவா 1.2 வரும்போதே இதை பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க, 2023ல வந்த ஜாவா 20லேருந்து கூப்பிட்டாலே எக்ஸெப்ஷன்தான். ஏன்னா அது செத்துப்போற திரெட் வச்சிருந்த லாக், அதாவது ஒரு நேரத்துல ஒரு திரெட் மட்டும் டேட்டாவை தொடறதுக்கு போட்ட பூட்டு, எல்லாத்தையும் திறந்து விட்டுடும், பாதி மாத்தின டேட்டாவை மத்த திரெட்டுங்க முழுசுன்னு நம்பி படிக்கும். விண்டோஸ்ல டெர்மினேட் திரெட் இதுக்கு நேர் எதிர், லாக்கை திறக்கவே திறக்காது. அந்த நேரம் பாத்து திரெட் மெமரி கேட்டுட்டு ஹீப்போட, அதாவது ப்ரோகிராம் மெமரி எடுக்குற இடத்தோட, லாக்கை பிடிச்சிருந்துதுன்னா, அடுத்து அந்த ஹீப்ல மெமரி கேக்குற எந்த திரெட்டும் அங்கயே நின்னுடும், மொத்த ப்ரோகிராமும் உறைஞ்சுடும்.

கடலூர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துனா என்ன செய்றாங்க? புதுசா யாரையும் கடலுக்கு விடறதில்ல, உள்ள போன போட்டுக்கு தகவல் சொல்றாங்க, கரைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்காங்க. நம்ம வேலையும் இதே மாதிரி மூணுதான், சொல்லணும், எழுப்பணும், காத்திருக்கணும். இதுல எல்லாரும் கோட்டை விடறது நடுவுல இருக்கிற எழுப்புறதைத்தான்.

சொல்றதுக்கு "நிறுத்து"ன்னு குறிக்கிற ஒரு ஃபிளாக் போதும், ஆனா சும்மா ஒரு பூலியன் போட்டா பத்தாது, கம்பைலர் அதை ஒரே ஒரு தடவை படிச்சுட்டு லூப்பை சுத்திட்டே இருக்கலாம். சி ப்ளஸ் ப்ளஸ்ல அடாமிக், ஜாவால வோலட்டைல்னு போடணும்.

இப்ப எழுப்புறது. பில் எழுதுற திரெட், எழுத வேண்டிய பில்லுங்க காத்திருக்கிற க்யூ காலியா இருந்தா, கண்டிஷன் வேரியபிள்ல, அதாவது யாராவது நோட்டிஃபை பண்ணி எழுப்புற வரைக்கும், தூங்கும். நீங்க லாக் எடுக்காம ஃபிளாக்கை மாத்திட்டு நோட்டிஃபை பண்றீங்கன்னு வைங்க. அது ஃபிளாக்கை பாத்து "இன்னும் நிறுத்த சொல்லல"ன்னு முடிவு பண்ணி தூங்கப்போற அந்த இடைவெளில உங்க நோட்டிஃபை வந்து போயிடும், அது தூங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எழுப்ப யாரும் இல்ல. ஆயிரத்துல ஒரு தடவை வரும், டெஸ்ட்ல வரவே வராது, மண்டில நல்ல வியாபார நேரத்துல வரும். அதனால அந்த திரெட் ஃபிளாக்கை பாக்கும்போது பிடிக்கிற அதே மியூடெக்ஸை, அதாவது அந்த லாக்கை, பிடிச்சுட்டு ஃபிளாக்கை மாத்துங்க, அப்புறம் நோட்டிஃபை ஆல்.

எடை மெஷின் திரெட் இன்னும் கஷ்டம். தராசுல மூட்டை இல்ல, கேபிள்ல ஒண்ணும் வரல, அது ரீட்ல உக்காந்திருக்கு, உங்க ஃபிளாக்கை அது எங்க பாக்கப்போகுது? இங்க நிறைய பேர் வேற திரெட்லேருந்து அந்த ஃபைல் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்த போர்ட்டுக்கு சிஸ்டம் குடுத்த நம்பரை, குளோஸ் பண்றாங்க, தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க. லினக்ஸ்ல அப்படி பண்ணா ரீட் எழுந்துக்கும்னு நம்ப முடியாது, அது மட்டுமில்ல, அதே நம்பர் அடுத்து திறக்குற ஃபைலுக்கு போயிடும், அப்புறம் எடை மெஷின் திரெட் திரும்ப ரீட் பண்ணும்போது யாரோட ஃபைலையோ படிக்கும். சரியான வழி, ஒரு பைப்போ ஈவன்ட்எஃப்டியோ வச்சுக்கிட்டு சீரியல் போர்ட்டையும் அதையும் சேத்து, எதுல தகவல் வந்தாலும் எழுப்புற போல்ங்கிற சிஸ்டம் கால்ல காத்திருக்கிறது, நிறுத்தணும்னா பைப்ல ஒரு பைட் எழுதினா போதும். நெட்வொர்க் சாக்கெட்டுன்னா ஷட்டவுன் கால் பண்ணாலே ரீட் திரும்பிடும், சீரியல் போர்ட்டுக்கு அது கிடையாது.

ஜாவாகாரங்களுக்கு ஒண்ணு. தூங்குற திரெட்டை இன்டரப்ட் பண்ணா வர்ற இன்டரப்டட் எக்ஸெப்ஷனை பிடிச்சு காலி பிராக்கெட் போட்டு விட்டுடறீங்களே, வந்த தகவலை அங்கயே கிழிச்சு போட்டுடறீங்க. ஒண்ணு வெளிய விடுங்க, இல்ல இன்டரப்ட்டை திரும்ப போடுங்க.

சிக்னல் வந்ததும் ஓடுற ஃபங்ஷனான சிக்னல் ஹேண்ட்லருக்குள்ள பிரின்ட்எஃப், மெமரி கேக்குறது, மியூடெக்ஸ் பூட்டுறது எதுவும் கூடாது. திரெட்டுங்களை உருவாக்கறதுக்கு முன்னாடியே மெயின்ல சிக்டெர்மை பிளாக் பண்ணிட்டு, ஒரே ஒரு திரெட்டை சிக்னலுக்கு காத்திருக்கிற சிக்வெயிட்ல உக்கார வச்சுட்டா அங்க எல்லா வேலையும் தாராளமா செய்யலாம்.

அப்புறம் வரிசை. முதல்ல எடை மெஷின் திரெட்டை நிறுத்தி ஜாயின் பண்ணுங்க, அதாவது அது முடியுற வரைக்கும் காத்திருங்க, க்யூல மிச்சம் இருக்கிற பில்லு எல்லாம் எழுதி பிரின்டர் வேலையும் முடியட்டும், டேட்டாபேஸ் கனெக்ஷன் கடைசில. சி ப்ளஸ் ப்ளஸ்ல ஜாயின் பண்ணாம ஓடிட்டிருக்கிற எஸ்டிடி திரெட்டை விட்டா ப்ரோகிராம் டெர்மினேட் ஆயிடும், 2020 ஸ்டாண்டர்ட்ல வந்த ஜேதிரெட் தானே நிறுத்த சொல்லி ஜாயினும் பண்ணும், ஆனா ரீட்ல தூங்குறதை அதுவும் எழுப்பாது.

எழுதி முடிச்சதும் சும்மா இருக்கும்போது நிறுத்தி பாக்காதீங்க, பில் மேல பில் போய்ட்டிருக்கும்போது சிக்டெர்ம் அனுப்புங்க, திரும்ப திரும்ப அனுப்புங்க. ஒரு தடவை நின்னு போச்சுன்னா சிக்கில் அடிக்க அவசரப்படாம, ஜாவான்னா ஜேஸ்டாக், சி ப்ளஸ் ப்ளஸ்னா ஜிடிபி மாட்டி எல்லா திரெட்டோட ஸ்டாக்கையும் எடுங்க, எது எந்த வரில தூங்குதுன்னு அப்படியே எழுதியிருக்கும். அது முடிஞ்சதும் சிக்கிலும் அடிச்சு பாருங்க, ஏன்னா யூபிஎஸ்ஸே ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போகும். பில்லும் அதோட வரிகளும் ஒரே ட்ரான்சாக்ஷன்ல போயிருந்தா, திரும்ப ஆன் பண்ணும்போது ஒண்ணு முழு பில் இருக்கும், இல்ல அந்த பில்லே இருக்காது, பாதி பில் மட்டும் இருக்கவே கூடாது. இருந்துதுன்னா டேட்டாபேஸ் எழுதுற இடத்துக்கு திரும்பப் போங்க. வணக்கம்.