வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத குழந்தைகள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். குழந்தைகளை வைத்து நடக்கும் உளவியல் ஆய்வில் முந்தி நிற்க வேண்டியது அறிவின் வளர்ச்சியா, குழந்தையின் நலனா என்பது தலைப்பு. நலனே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "அன்று சில குழந்தைகள் அழுதிருக்கலாம், அதனால் கோடிக் குழந்தைகளுக்கு நன்மை கிடைத்ததே" என்றார். அழுதவை யாருடைய குழந்தைகள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், நடுவர் அவர்களே.

1939. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரத்து அனாதை இல்லம். அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் வெண்டல் ஜான்சன் பேச்சுக் குறைபாட்டுத் துறையில் பெரிய பெயர். அவருக்கே திக்குவாய் உண்டு. சின்னப் பிள்ளைகளின் பேச்சில் இயல்பாக வரும் தடுமாற்றத்தைப் பெரியவர்கள் குறையாகச் சுட்டிக்காட்டுவதால்தான் திக்குவாய் நிலைத்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். ஆராய வேண்டிய எண்ணம்தான். ஆராய்ந்த விதம்தான் கொடுமை.

மேரி டியூடர் என்ற மாணவியை அந்த இல்லத்துக்கு அனுப்பினார். 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பேரிடம், உனக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச வராவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இல்லத்துப் பணியாளர்களிடமும் உண்மையை மறைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கவே கூசினார்கள். படிப்பில் பின்தங்கினார்கள். டியூடர் பிறகு திரும்பிப் போய்ச் சரிசெய்யப் பார்த்தார். உடைத்தது அவ்வளவு எளிதில் ஒட்டவில்லை.

சரி, இதில் வளர்ந்த அறிவு எது? ஜான்சன் இந்த ஆய்வை வெளியிடவே இல்லை. டியூடரின் ஆய்வேடு நூலகத்தில் கிடந்தது. 2001ல் ஒரு செய்தித்தாள் அதை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. தங்கள் மீது நடந்தது பரிசோதனை என்பதே அந்தக் குழந்தைகளில் பலருக்கு முதுமையில்தான் தெரிந்தது. 2007ல் அயோவா அரசு ஆறு பேருக்காக 9,25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குள் சிலர் உயிரோடு இல்லை.

1920ல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சனின் ஆய்வையும் பாருங்கள். ஆல்பர்ட் என்று பெயரிட்ட கைக்குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம், குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பெரிய சத்தம் எழுப்பிப் பயமுறுத்தினார்கள். எலியைக் கண்டாலே குழந்தை அலறியது. அந்தப் பயத்தைப் போக்காமலே அனுப்பிவிட்டார்கள். தாய், மருத்துவமனையோடு இணைந்த இல்லத்தில் பிறர் குழந்தைகளுக்குப் பால் கொடுத்து வேலை பார்த்தவர்.

அங்கே அனாதைகள், இங்கே கூலிக்குப் பால் கொடுத்தவரின் குழந்தை. வசதியான வீட்டுப் பிள்ளையிடம் இதைச் செய்யத் துணிந்திருப்பார்களா?

எதிரணியின் அடுத்த பேச்சாளர் ருமேனியாவின் புக்கரெஸ்ட் ஆய்வைக் கொண்டுவந்தார். நியாயமான எடுத்துக்காட்டு. 2000க்குப் பின், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டது, சீக்கிரம் போனவர்களுக்குக் கூடுதலாக. ஆனால் அங்கே எந்தக் குழந்தையையும் குடும்பத்திலிருந்து பிரித்துக் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. ஆய்வு நடக்கும்போது வேறு குடும்பம் கிடைத்தால், குழந்தை போக வழிவிட்டார்கள். குழந்தையின் நிலை ஆய்வால் மோசமாகக் கூடாது என்று முதலிலேயே வரம்பு கட்டியதால் வந்த அறிவு அது. அப்படியானால் அது எங்கள் அணிக்கான சான்று! இருந்தும், குலுக்கலில் காப்பகத்திலேயே தங்கிவிட்ட மீதிப் பாதியை நினைத்தால் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

விதிகள் ஆய்வைத் தாமதப்படுத்துகின்றன என்றார்கள். 1983ல் அமெரிக்கா குழந்தைகளுக்கென்று வகுத்த விதிப்படி பெற்றோர் அனுமதி மட்டும் போதாது, விவரம் தெரிந்த குழந்தையின் சம்மதமும் வேண்டும். அரசின் பொறுப்பில் உள்ள குழந்தைக்கு நேரடிப் பலன் இல்லாத, ஆபத்து கூடிய ஆய்வென்றால், அதன் நலனைப் பார்க்கத் தனியாக ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த ஒருவரைத் தேடி நியமிக்க ஆகும் காலத்தைத்தான் எதிரணி தாமதம் என்கிறது. ஆகட்டும், எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். குழந்தையின் நலனே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.