பொட்டிப்புரம் கேட்டது மலையப் பத்தி

நேயர்களுக்கு வணக்கம். புதுசா ஒரு தொழில்நுட்பம் வருதுன்னா அத ஜனங்ககிட்டயும் அதிகாரிங்ககிட்டயும் எப்படிப் பேசணும்னு சொல்லச் சொல்லிருக்காங்க, எனக்கு உடனே ஞாபகம் வர்றது தேனிப் பக்கம் பொட்டிப்புரம்தான்.

அங்க மலையக் குடைஞ்சு கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டு உள்ள 50,000 டன் இரும்புல, நியூட்ரினோங்கற ரொம்ப நுண்ணிய துகளக் கவனிக்கற கருவி வைக்கறதா திட்டம், 2015 ஜனவரில மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதலும் குடுத்துச்சு, அதோட ஆய்வு மையம் நம்ம மதுரை வடபழஞ்சிலன்னு சொன்னாங்க. மலை எதுக்குன்னா வானத்துல இருந்து கொட்டுற மத்த துகள்களப் பாறை தடுத்துரும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். கோலார் தங்கச் சுரங்கத்துல 1965லயே இதப் பாத்திருக்காங்க. அருமையான அறிவியல், எனக்கு அதுல சந்தேகமே கிடையாது.

விஞ்ஞானிங்க பேசாம இல்ல, பேசினாங்க. ஆனா பேச்சு பெரும்பாலும் துகளச் சுத்தியே போச்சு, நம்ம உடம்பு வழியா ஒவ்வொரு செகண்டும் கோடி கோடியா போகுது, ஒண்ணும் பண்ணாதுன்னு. உண்மைதான். ஊர்க்காரங்க கவலை வேற, வெடி வெச்சா கெணத்துத் தண்ணி என்னாகும், மாடு மேய்க்க மலைக்கு விடுவாங்களா, வெட்டி எடுக்கற கல்ல எங்க கொட்டுவாங்க, எந்த ரோட்டுல லாரி போகும்.

அப்புறம் என்ன நடந்துச்சு பாருங்க. 2017ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தோட சுற்றுச்சூழல் அனுமதிய நிறுத்தி வெச்சப்ப வந்த பேச்சு, மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள்ள இருக்குங்கறது. 2018ல மத்திய அரசு மறுபடி அனுமதி குடுத்துச்சு, 2022ல தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டுல புலி நடமாடுற வழித்தடம்னு எதிர்த்துச்சு. எங்கயும் துகள் பிரச்சனையா நிக்கல, மலைதான் நின்னுச்சு. அத ஊரு எப்பவோ கேட்டுருச்சு.

கலெக்டரோ எம்எல்ஏவோ அவங்களுக்கும் இதேதான் வேணும். எது உறுதியாத் தெரியும், எத இன்னும் அளக்கல, கெணறு வத்துனா யார் பொறுப்புன்னு ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதிக் குடுங்க. அளக்காதத அளக்கலன்னு சொல்றதுக்கு நம்ம நிபுணர்கள் ஏன் இவ்வளவு பயப்படறாங்கன்னு எனக்கு வருத்தமா இருக்கு, அப்படிச் சொல்றவர அடுத்த கூட்டத்துலயும் ஜனங்க உக்காந்து கேப்பாங்க.

2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாளாவது முன்னாடி அறிவிப்பு வரணும், திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்புன்னு சொல்ற அறிக்கையோட சுருக்கம் உள்ளூர் மொழில இருக்கணும். சுருக்கம் மட்டுந்தான், முழு அறிக்கை இங்கிலீஷ்லயே கிடக்கும். அதனால உங்க ஊருக்கு எந்தத் திட்டம் வந்தாலும் அந்தச் சுருக்கத்த வாங்கி கிராம சபைல சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, தண்ணி, மேய்ச்சல், ரோடு எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேளுங்க. மதுரை காலேஜ்கள்ல இயற்பியல், நிலவியல் படிக்கற பிள்ளைங்க உங்க சொந்த ஊர் கூட்டத்துல போய் உக்காருங்க, கூட்டத்துக்கு முன்னாடியே அறிக்கைய முழுசாப் படிச்சுட்டுப் போங்க. நன்றி, வணக்கம்.