நாய்ச் செலவில் எதைக் குறைக்கலாம்?

வணக்கம். கோவில்பட்டியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இரண்டு வயது சிப்பிப்பாறை நாய் இருக்கிறது, எடை இருபது கிலோ. பாக்கெட் தீவனத்துக்கே மாதம் 3,000 ரூபாய் போய்விடுகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா? வெளியே விடாத நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி எதற்கு?"

சாப்பாட்டைத் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் நாம் சாப்பிட்டு மிஞ்சிய குழம்புச் சோற்றைக் கொட்டுவதற்குப் பெயர் வீட்டுச் சாப்பாடு அல்ல. உப்பு, காரம் ஒருபுறம் இருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். ஆகவே அதற்கென்று தனியாகச் சமைக்க வேண்டும்.

கோழிக்கடையில் நெஞ்சுக்கறி கேட்காதீர்கள். இரைப்பை, இதயம், தோலோடு மிஞ்சும் துண்டுக்கறி ஆகியவை மலிவாகக் கிடைக்கும். ஈரலும் நல்லதுதான், வாரத்தில் ஓரிரு நாள் போதும். அரிசி அல்லது கேழ்வரகு, ஒரு கீற்றுப் பரங்கிக்காய், உப்பில்லாத தண்ணீர், குக்கரில் நான்கு விசில். தட்டில் பாதியாவது கறி இருக்கட்டும். எலும்பு கலந்திருந்தால் எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது சுண்ணாம்புச் சத்தில்தான். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வெறும் கறியும் சோறும் தின்னும் நாயின் உடல், குறைகிற கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குட்டிகளுக்குக் கால் வளைவது இதனால்தான். இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முட்டை ஓட்டை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்சியில் மாவாக அரையுங்கள். உங்கள் நாய்க்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி போதும். வளரும் குட்டிக்கு மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தீவனத்தோடு கலந்து ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள், இல்லையென்றால் வயிற்றுப்போக்குதான்.

ஷாம்பு, மெத்தை, சட்டை எதுவும் சிப்பிப்பாறைக்குத் தேவையில்லை. குட்டை முடி, நம் வெயிலுக்கென்றே வந்த உடம்பு. ஈரத்துணியால் துடைத்து, ஒரு சாக்கை விரித்துப் போட்டால் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும்.

ஊசி விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். நாய் வெளியே போகாவிட்டாலும் நீங்கள் போகிறீர்கள். நாயின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற கிருமி உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். தடுப்பூசி போடாத குட்டிக்கு அது வந்துவிட்டால், நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்றியும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. வெறிநோயோ அறிகுறி தெரிந்தபின் நாயையும் விடாது, மனிதரையும் விடாது. வாசலில் ஒரு தெருநாய் கடித்தால் போதும்.

செலவுதான் தயக்கம் என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு வெறிநோய் ஊசி போட்டார். அதன் நினைவாகவே ஆண்டுதோறும் அந்த நாளில் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துகிறார்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பார்வோ ஊசியை அடுத்து எப்போது போட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.