ஏப்ரலில் ஒன்ராறியோ ஏரி: மீன் ஏன் கரைக்கு வருகிறது?

[காட்சி: விடியற்காலை, போர்ட் கிரெடிட் படகுத்துறை]

வணக்கம். மணி காலை ஐந்தரை. கனடாவின் மிசிசாகா நகரில், கிரெடிட் ஆறு ஒன்ராறியோ ஏரியில் வந்து விழும் இடத்தில் நிற்கிறோம். இன்றைக்கு ஒரு கப்டனோடு ட்ரவுட், சால்மன் பிடிக்கப் போகிறோம். ஆற்றுவாயைத் தாண்டியதும் அவர் முதலில் பார்த்தது என்ன தெரியுமா? தண்ணீரின் வெப்பநிலை. தூண்டில்கள் இன்னும் பெட்டிக்குள்தான் கிடந்தன.

வசந்தகாலத்து ஏரியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு எண் போதும். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

[காட்சி: ஏரியின் குறுக்குவெட்டுப் படம்]

தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தாலும் கனம் குறையும், சூடேறினாலும் குறையும். இந்த ஏரி சில இடங்களில் 244 மீட்டர் ஆழம். இவ்வளவு தண்ணீர் சூடாக மாதக்கணக்காகும். ஆனால் கரையோரத்தில் ஆழம் குறைவு, நாலு நாள் நல்ல வெயில் அடித்தாலே சூடு ஏறிவிடும். ஆறுகளும் தங்கள் பங்குக்குக் கலங்கலான, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும்.

இப்போது கரைப்பக்கம் 7 டிகிரி, நடு ஏரியில் 2 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலவை 4 டிகிரிக்கு வரும். அது இரண்டு பக்கத்துத் தண்ணீரையும்விடக் கனம் என்பதால் அப்படியே கீழே இறங்கும். இறங்க இறங்க, கரைக்கு இணையாக ஒரு சுவர் எழுப்பியதுபோல ஆகிவிடும். சூடான தண்ணீர் சுவருக்கு இந்தப் பக்கமே அடைபட்டு நிற்கும். ஏப்ரலில் கரையை ஒட்டித் தொடங்கும் இந்தச் சுவர், வெயில் ஏற ஏற உள்ளே நகர்ந்து ஜூன் மாதத்தில் மறைந்துவிடும்.

இரை மீன்கள் அந்தச் சூட்டைத் தேடி வருகின்றன. நம்மூர்ச் சாளை மாதிரி வெள்ளியாய் மின்னும் ஏல்வைஃப் அவற்றில் முக்கியமானது. அதைத் துரத்திக்கொண்டு பெரிய மீன்கள் வருகின்றன. கோடையில் முப்பது, நாற்பது மீட்டர் ஆழத்தில் தேடவேண்டிய மீனை இப்போது மூன்று மீட்டர் தண்ணீரில் பார்க்கலாம்.

[காட்சி: பழைய வரைபடம்]

இந்தப் பெரிய மீன்கள் எல்லாம் இந்த ஏரியின் பூர்வீகக் குடிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சால்மன்களில் அட்லாண்டிக் சால்மன்தான் இங்கே முதலில் இருந்தது. அணைகள் ஆற்றை மறித்தன, காடுகள் அழிந்தன, அளவில்லாமல் பிடித்தும் தீர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும்போது அது இங்கே இல்லாமலே போய்விட்டது. பிறகு ஏல்வைஃப் பெருகி ஏரியை நிரப்பியது. ஏல்வைஃபைத் தின்னவென்று 1966இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் பசிபிக் கரையோரத்துக் கோஹோ சால்மனைத் தன் ஆறுகளில் விட்டது. அது பலன் தர, 1968இலிருந்து ஒன்ராறியோ ஏரியிலும் விட்டார்கள். பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அட்லாண்டிக் சால்மனை மறுபடி குடியேற்றும் வேலை இப்போதும் நடக்கிறது. அந்த வேலை வெற்றிபெற வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

[காட்சி: படகின் பக்கவாட்டில் மஞ்சள் பலகை]

வெயில் ஏறிவிட்டது. படகு நடைவேகத்தில் போகிறது. தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரில் படகின் நிழலுக்கும் இரைச்சலுக்கும் மீன் விலகிவிடும். அதனால் பிளேனர் போர்ட் என்ற சின்னப் பலகையில் தூண்டில் நரம்பைக் கொளுவி விடுகிறார் கப்டன். தண்ணீரின் இழுப்பில் அது படகைவிட்டு இருபது, முப்பது மீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கி ஓடும். படகு போகாத தண்ணீரில் தூண்டில் போகும், அவ்வளவுதான். ஒதுங்கி ஓடும் பலகை திடீரென்று பின்வாங்கினால் மீன் கடித்துவிட்டது!

எங்கள் பலகை ஆறே முக்காலுக்குப் பின்வாங்கியது. ஏழெட்டு நிமிடப் போராட்டம். வலைக்குள் வந்தது கோஹோவா, அல்லது சினூக் என்ற இன்னொரு பசிபிக் சால்மனா? கப்டன் ஈரக்கையால் அதன் வாயை மெதுவாகத் திறந்து காட்டினார். கீழ்த்தாடையில் பல் முளைத்த ஈறு வெளிறியிருந்தது. நாக்கும் ஈறைச் சுற்றிய இடமும் கறுப்பு. அப்படியானால் கோஹோ. சினூக்குக்கு ஈறு உட்பட எல்லாமே கறுப்பு. எதை எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது இனத்துக்கு இனம் மாறலாம், அதனால் மீனைப் பெட்டிக்குள் போடும் முன்பே அது எந்த இனம் என்று பார்த்தாக வேண்டும்.

ஒன்பது மணிக்குக் காற்று திரும்பியது. கரையிலிருந்து வாடை. மேலே கிடந்த சூட்டுத் தண்ணீரை அது ஏரிக்குள் தள்ளிவிடும், அடியிலிருந்த குளிர் மேலே வரும். ஒரு மணி நேரத்தில் 7 டிகிரி 5 ஆனது. பலகைகள் அசையவே இல்லை. கப்டன் வாதாடாமல் தூண்டில்களைச் சுருட்டி, சூடு ஒதுங்கியிருக்கும் இன்னொரு ஆற்றுவாய்க்குப் படகைத் திருப்பினார். இந்த அறிவுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

போக நினைப்பவர்களுக்கு: 18 முதல் 64 வயது வரையான ஒன்ராறியோவாசிகளுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவை. ஊருக்குள் 16 டிகிரி என்று மெல்லிய ஜாக்கெட்டோடு போகாதீர்கள். முதல் தடவை நான் அப்படிப் போய் இரண்டு மணி நேரம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே வேண்டாம். 5 டிகிரித் தண்ணீரில் விழுந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரின் கைகால்களும் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும்.

சமையலுக்கு வருவோம். பெரிய மீனின் தலைக்கறி நம் வீடுகளில் எவ்வளவு விருப்பம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஏரியின் மீன்களில் பிசிபி என்ற பழைய தொழிற்சாலை நஞ்சு கொழுப்பில் சேர்கிறது. மீன் பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடும். தோல், வயிற்றுக் கொழுப்பு, தலை, குடல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முள் நீக்கிய சதையை மட்டும் எடுங்கள். பாதரசம் சதையிலேயே இருப்பதால் வெட்டி எறிந்து தப்ப முடியாது. எந்த இனம், எந்த நீளம், மாதத்துக்கு எத்தனை தடவை என்று மாகாண அரசு பட்டியல் போட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனி அளவு உண்டு. நாங்கள் அன்றைக்கு நீளம் அளந்து, பட்டியலைப் பார்த்து, சின்னக் கோஹோ ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து புளி விட்டுக் குழம்பு வைத்தோம்.